தாய்க்கலத்தில் தபால்பெட்டி எங்கே?

குட்டி_ராக்கெட்:
வர்ஜீனியாவின் உட்வார்-ஹேசி மையம், விமானமும் விண்கலமும் வைத்திருக்கும் அருங்காட்சியகம். கூட்டமெல்லாம் டிஸ்கவரி விண்கலத்தைச் சுற்றி நின்றது. நானும் மகளும் ஒரு கண்ணாடிப் பெட்டியிடம் ஒதுங்கினோம். உள்ளே 1977-இல் வந்த ‘குளோஸ் என்கவுன்டர்ஸ்’ படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வரும் தாய்க்கலத்தின் மாடல். திரையில் வானத்தையே அடைத்துக்கொண்டு இறங்குமே, அதேதான். நேரில் பார்த்தால் இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடும் போலிருந்தது. வெளிச்சமும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் குழாய்க் குவியல். இவ்வளவுதானா என்று நினைக்கும்போதே மகள், “அப்பா, ஆர்2-டி2!” என்று கத்தினாள். ஆமாம், அந்த ஸ்டார் வார்ஸ் ரோபோவைக் குழாய்களுக்கு நடுவே ஒட்டியிருந்தார்கள். அப்புறம் வோக்ஸ்வேகன் வேன், குட்டிக் கல்லறைத் தோட்டம். இருட்டில் விளக்கு மட்டும்தானே படத்தில் தெரியும் என்ற தைரியத்தில் மாடல் செய்தவர்கள் பண்ணிய குறும்பு. தபால்பெட்டியும் உண்டு என்பார்கள். அது மட்டும் கண்ணில் படவில்லை, அதற்குள் மூடும் நேரம் வந்துவிட்டது. மூன்று வருடமாக உறுத்துகிறது. யாராவது பார்த்தீர்களா?

மரக்கப்பல்:
‘இவ்வளவுதானா’ எல்லாம் சொல்லாதீர்கள் சார். 2017-இல் வாஷிங்டனின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் ஸ்டார் டிரெக் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலின் மாடலைப் பார்த்தேன். 11 அடி நீளம், பெரும்பகுதி மரம். வலப்பக்கம் அப்படியே தொலைக்காட்சியில் பார்த்த கப்பல். சுற்றி இடப்பக்கம் போனேன், கூத்துக்காரரின் வேஷத்தை முதுகுப்பக்கம் பார்த்த மாதிரி வெறிச்சென்று இருந்தது. விளக்குக்கான வயரெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போயின, அதனால் கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லை. சின்ன வயதில் நான் வரைந்த படங்களில் இரண்டு பக்கமும் ஜன்னல் போட்டிருந்தேன்.

பழைய_ரசிகன்:
நீங்கள் பார்த்தது 2016-இல் புதுப்பித்து மேலே மண்டபத்தில் வைத்தது. நான் 2008-இல் பார்த்தபோது அது அருங்காட்சியகக் கடையின் கீழ்த்தளத்தில், டி-ஷர்ட்டுகளுக்கு நடுவே இருந்தது. எனக்கென்னவோ அதுதான் பிடித்தது, மூக்கு கண்ணாடியில் படப் பார்க்கலாம். புதுப் பூச்சு அழகுதான், 1967-இல் இருந்த தோற்றத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் முதலில் அடித்த பெயின்ட் மிஞ்சியிருப்பது கப்பலின் முன்பக்கத்து வட்டத் தட்டின் மேற்புறத்தில்தான். அதை எட்டிப் பார்த்தீர்களா, இல்லை இடப்பக்கத்துக்கே அழுதுகொண்டிருந்தீர்களா?

மரக்கப்பல்:
அழவில்லை ஐயா. தட்டின் மேற்புறத்தைப் பார்க்க ஏணியா கொடுத்தார்கள்?

வழிகாட்டி_மாமா:
நானும் தாய்க்கலத்தைப் பார்த்தேன், வீட்டுக்காரிக்குப் பசி, இரண்டே நிமிடம். குட்டி_ராக்கெட் தம்பி, அடுத்த முறை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், கண்ணாடியில் உங்கள் பிம்பம் அவ்வளவாகத் தெரியாது. போனின் லென்சைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுங்கள், ஃப்ளாஷ் கூடவே கூடாது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி எடுத்து, வீட்டில் பெரிதாக்கித் தேடுங்கள். இரண்டு இடத்திலும் நுழைவு இலவசம். உட்வார்-ஹேசியில் காருக்குத்தான் காசு. வாஷிங்டனுக்கு முன்கூட்டியே நேரச்சீட்டு எடுத்துவிடுங்கள், அதற்கும் காசில்லை. வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு போங்கள், அதுதான் முக்கியம்.

குட்டி_ராக்கெட்:
நன்றி மாமா. தபால்பெட்டி எந்தப் பக்கம்?