யாஹூ முகவரியிலிருந்து லிஸ்ட்டுக்கு எழுதினால் ஜிமெயில்காரர்களுக்குப் போவதில்லை

வேளச்சேரி_சங்கம்:
எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு மெயில்மேன் 3 என்ற மெயிலிங் லிஸ்ட் மென்பொருளில் ஒரு லிஸ்ட் ஓடுகிறது. யாஹூ முகவரி வைத்திருக்கும் ஒரு மாமா தண்ணீர் லாரி பற்றி எழுதினால் ஜிமெயில்காரர்கள் யாருக்கும் போவதில்லை, போதாக்குறைக்கு அவர்களுடைய சந்தாவும் தானாக நின்றுவிடுகிறது. சர்வரில் எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) சரியாகத்தான் இருக்கிறது. வேறு எங்கே பார்ப்பது?

தபால்பெட்டி:
உங்கள் எஸ்பிஎஃப் உங்கள் டொமைனுக்குத்தான் செல்லும், டிமார்க் (அனுப்புநர் டொமைன் நிஜமா என்று பார்க்கும் சோதனை) பார்ப்பது அனுப்புநர் வரியான ஃப்ரம்மில் இருக்கும் யாஹூவை. டிகேஐஎம் கையெழுத்தாவது (மெயில் வழியில் மாறவில்லை என்று காட்ட யாஹூ போடும் டிஜிட்டல் முத்திரை) பிழைத்திருக்கும், ஆனால் லிஸ்ட் தலைப்பில் சங்கத்தின் பெயரைச் சேர்த்து அடியிலும் நாலு வரி ஒட்டுகிறதே, அதில் அதுவும் உடைந்துவிடும். யாஹூ 2014 ஏப்ரலிலேயே, டிமார்க்கில் தேறாத மெயிலை நிராகரிக்கச் சொல்லிவிட்டது. ஜிமெயில் திருப்பி அனுப்ப, மெயில்மேனோ பெறுபவரின் முகவரிதான் கெட்டது என்று எண்ணி பவுன்ஸ் (திரும்பி வந்த மெயில்) கணக்கில் ஏற்றி, கடைசியில் அவர் சந்தாவை நிறுத்திவிடுகிறது.

மெயில்மேன் அமைப்புகளில் டிமார்க் மிட்டிகேஷன் பகுதியில், ஃப்ரம்மில் லிஸ்ட் முகவரியைப் போடும் தேர்வை வையுங்கள். எல்லா மெயிலுக்கும் வேண்டாம், கெடுபிடியான டொமைன்களுக்கு மட்டும் போதும்.

மயிலை_ரூட்:
என்னைக் கேட்டால் முன்னொட்டு, அடிக்குறிப்பு இரண்டையும் தூக்கிவிடுங்கள். கையெழுத்து பெரும்பாலும் தப்பிக்கும்.

வேளச்சேரி_சங்கம்:
அதற்கு செயற்குழு ஒத்துக்கொள்ளாது சார். ஃப்ரம்மை மாற்றினால் ரிப்ளை யாருக்குப் போகும்?

தபால்பெட்டி:
மாமாவின் முகவரி ரிப்ளை-டூவில் வந்துவிடும், நீங்கள் அதையும் லிஸ்ட்டுக்கே திருப்பியிருந்தால் சிசியில். வெளியே போகும் மெயிலுக்கு உங்கள் டொமைனின் டிகேஐஎம் கையெழுத்தும் போடுங்கள். ஏஆர்சி என்று ஒன்று, அதாவது மெயில் தன்னிடம் வந்தபோது சோதனையில் தேறியதா என்று இடையிலுள்ள சர்வர் சான்று சேர்க்கும் முறை, 2019-இல் ஆர்எஃப்சி 8617 என்ற இணைய நெறி ஆவணமாக வந்தது, ஆனால் எதிர்முனை உங்கள் சர்வரை நம்பினால்தான் பலன், அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அப்புறம், நின்றுபோன சந்தாக்களை நீங்கள்தான் கையால் திரும்ப இயக்க வேண்டும்.