கேமராவிலேயே ஸ்டார் போட்டுப் படம் பிரிப்பது: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

எடுத்த படத்துக்கு கேமராவிலேயே 1 முதல் 5 வரை ஸ்டார் (ரேட்டிங்) போட்டு, வேண்டியதைக் குறித்துவைக்கலாம். அதைப் பற்றி இந்த வேலையில் இருப்பவர்கள் சிலர் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுபவரின் இடமும் வேலையும்.

வடபழனி, கல்யாண வேலை

முதலில் கணக்கு. முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் இரண்டும் சேர்த்து ஒரு கேமராவில் 2,400 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு 2 நொடி என்றாலே 80 நிமிடம் ஆச்சு. மண்டபத்தில் அந்த 80 நிமிடத்தை யாரும் தரப்போவதில்லை. அதனால் எல்லாப் படத்தையும் கேமராவிலேயே எடை போடும் யோசனையை விட்டுவிடுங்கள். திரும்ப எடுக்க முடியாத சடங்குகளுக்கு மட்டும் ஸ்டார்: காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், மாங்கல்யதாரணம், சப்தபதி. இதற்கு 15 நிமிடம் போதும். முதல் பந்தி முடிவதற்குள் முடித்துவிடலாம்.

இரண்டே எண்தான். 1 ஸ்டார் என்றால் ஆல்பத்துக்கு வேண்டும். 5 ஸ்டார் என்றால் இன்றைக்கே வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய 15, 20 படம். நடுவில் உள்ள 2, 3, 4 மூன்றும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்கும்போது தேவைப்படும், கேமராவில் தொடாதீர்கள். மூன்றங்குலத் திரையில் 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் கண்டுபிடித்ததாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

பட்டன் விஷயம். கேனான் 5டி மார்க் 3, 7டி மார்க் 2 போன்றவற்றில் ரேட் என்று தனி பட்டனே உண்டு. அமுக்க அமுக்க ஸ்டார் கூடிக்கொண்டே போகும். அது இல்லாத மாடலில் ப்ளேபேக் (எடுத்த படத்தைப் பார்க்கும்) மெனுவுக்குள் ரேட்டிங் இருக்கும். நிக்கானில் படத்தைத் திரையில் வைத்து ‘ஐ’ பட்டன், பிறகு ரேட்டிங், பிறகு டயல். சோனியில் ரேட்டிங்கை ஒரு கஸ்டம் கீயில் (நாமே வேலை ஒதுக்கும் பட்டனில்) உட்காரவைத்துவிட்டு, ‘ரேட்டிங் செட்’ என்ற மெனுவில் 1, 5 இரண்டை மட்டும் டிக் செய்து மற்றதை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் 5-க்குப் போக ஐந்து தடவை அமுக்க வேண்டும், அவசரத்தில் ஒன்று தாண்டிப்போய் மறுபடி பூஜ்யத்தில் நிற்கும்.

இப்போது தாலி கட்டும் பத்து நொடி. கெட்டிமேளம் ஆரம்பித்ததும் பர்ஸ்ட்டில் (பட்டனை அமுக்கிப் பிடித்து அடுக்கடுக்காக எடுப்பதில்) 60, 70 படம் விழும். மேளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அட்சதை பறக்கும். முகத்துக்கு முன்னால் அரிசி வந்தால் ஃபோகஸ் சில படங்களில் அரிசிக்கோ, குறுக்கே நீளும் அத்தையின் கைக்கோ தாவிவிடும். சின்னத் திரையில் முழுப் படமாகப் பார்த்தால் எல்லாமே ஷார்ப்பாகத்தான் தெரியும். ஒரு படத்தில் மணப்பெண்ணின் கண்ணுக்கு 100 சதவீதம் ஜூம் போங்கள். ஜூமை எடுக்காமல் டயலை மட்டும் திருப்புங்கள். அடுத்தடுத்த படங்கள் அதே இடத்தில், அதே பெருக்கத்தில் வரும். கண் மூடியது, அரிசி மறைத்தது, ஃபோகஸ் போனது மூன்றும் ஓடும்போதே தெரிந்துவிடும். முதல் முடிச்சில் இரண்டு, மூன்றாவது முடிச்சில் நாத்தனார் கை தெரிகிற ஒன்று, மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் ஒன்று: நாலு படத்துக்கு 1 ஸ்டார். ஹோமப் புகை வந்து வெளிறிப்போன படத்தை இந்த இடத்தில் ஒதுக்க வேண்டாம். ரா பைலில் (சென்சார் பதிந்த மூலக் கோப்பில்) கான்ட்ராஸ்ட்டைத் திரும்பக் கொண்டுவரலாம், ஃபோகஸைக் கொண்டுவர முடியாது.

திருவான்மியூர், கல்யாணம் + கேண்டிட்

மேலே சொன்னதோடு ஒரு சேர்க்கை. சோனி ஏ7 மார்க் 3 மாதிரி மாடல்களில் ரா பைலுக்குள் இருக்கும் ப்ரிவியூ 1616 × 1080 தான். ரா மட்டும் எடுத்தால் ப்ளேபேக்கில் கண்ணுக்கு ஜூம் போனாலும் மசமசவென்றுதான் இருக்கும். நல்ல படத்தை ஃபோகஸ் போச்சு என்று தள்ளிவிடுவோம். ஸ்டார் போடும் வழக்கம் இருந்தால் ரா + ஜேபெக் வையுங்கள், ஜூம் ஜேபெக்கிலிருந்து வரும்.

இன்னொன்று, மண்டபத்தில் கேமராவில் டெலீட் வேண்டாம். நிக்கானில் ரேட்டிங் வரிசையில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். அது படத்தை அழிப்பதில்லை, அழிக்கலாம் என்று குறிப்பு மட்டும் வைக்கும். அதுகூட வேண்டாம் என்பேன். நாம் தள்ளிய படத்தில்தான் ஊரிலிருந்து வந்த தாத்தா தெளிவாக இருப்பார். அவர் இல்லாத ஆல்பத்தை வீட்டில் யாரும் வாங்கமாட்டார்கள்.

பள்ளிக்கரணை பக்கம், பறவைகள்

பறவைக்கு மேலே சொன்ன கணக்கு ஒத்துவராது. நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் பூநாரைக் கூட்டம் எழும்பும் 3 நொடிக்கு 60 படம். காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் இப்படி முப்பது பர்ஸ்ட் வரும். இங்கே படத்துக்கு ஸ்டார் போடுவதைவிட பர்ஸ்ட்டுக்கு ஸ்டார் போடுவதுதான் வழி: ஒவ்வொரு பர்ஸ்ட்டிலும் சிறகு முழுசாக விரிந்த படம் இருந்தால், ஒரே ஒரு படத்துக்கு 1 ஸ்டார். வீட்டுக்கு வந்ததும் லைட்ரூமில் (படங்களை அடுக்கித் திருத்தும் சாஃப்ட்வேர்) 1 ஸ்டாரை மட்டும் வடிகட்டினால் அதிகபட்சம் முப்பது படம் வரும். எந்த பர்ஸ்ட்டுக்குள் இறங்கித் தேட வேண்டும் என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஸ்டார் விழாத பர்ஸ்ட்டை அன்றைக்குத் திறக்கவே வேண்டாம்.

பர்ஸ்ட் முடிந்ததும் உடனே ப்ளேபேக் அமுக்காதீர்கள். பஃபரில் (கேமராவின் தற்காலிக நினைவகத்தில்) இருக்கும் படங்கள் கார்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், சிவப்பு விளக்கு அணையும்வரை பொறுங்கள். அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றினால் பைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

கவனிக்க வேண்டியது கானல். சதுப்பு நிலத்தில் வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று அலையடிக்கும். 600 மி.மீ. லென்ஸில் 80 மீட்டர் தள்ளி நிற்கும் நெடுங்கால் உள்ளான் நூறு சதவீத ஜூமில் கலங்கலாகத் தெரியும். ஃபோகஸ் சரியாகவே இருந்திருக்கும். கானல் படத்துக்குப் படம் மாறுவதால் ஒரே பர்ஸ்ட்டில் ஒன்று சுமார், அடுத்தது மோசம் என்று இருக்கும். அந்த நேரத்துப் படங்களுக்குத் திரையைப் பார்த்து ஸ்டார் போடுவது வீண். தோரணை பிடித்திருந்தால் போடுங்கள், ஷார்ப்னஸ் தீர்ப்பை மானிட்டருக்கு விடுங்கள்.

ஸ்டார் போட்ட படங்களுக்கு மட்டும் தாவும் வசதியையும் இயக்கி வையுங்கள். கேனானில் ‘இமேஜ் ஜம்ப்’ அமைப்பில் ரேட்டிங்கைத் தேர்ந்தால் மெயின் டயலைத் திருப்பும்போது ஸ்டார் உள்ள படத்துக்கே போய் நிற்கும். நிக்கான் இசட்8, இசட்9-ல் ‘ஃபில்டர்டு ப்ளேபேக்’ அதே வேலையைச் செய்யும்.

சேப்பாக்கம், செய்தி + விளையாட்டு

பிரஸ் வேலைல ஸ்டாரைவிட சாவி அடையாளம்தான் (படத்தை அழியாம பூட்டி வைக்கற ப்ரொடெக்ட் குறி) வேகம். ப்ரொடெக்ட் பட்டன் ஒரு அமுக்கு, வேலை முடிஞ்சது. போட்டோ மெக்கானிக் சாஃப்ட்வேர்ல இன்ஜெஸ்ட் பண்ணும்போது (கார்டுலேர்ந்து காப்பி பண்ணும்போது) லாக் ஆன படத்தை மட்டும் எடுன்னு சொன்னா, 1,800 படத்துல அந்த நாப்பது மட்டும் லேப்டாப்புக்கு வரும். விக்கெட் விழுந்து அடுத்த பேட்ஸ்மேன் கிரீஸுக்கு வர்றதுக்குள்ள நாலு படம் லாக் பண்ணலாம். ஸ்டார் போட்டு எண்ணிக்கிட்டிருந்தா அடுத்த பந்து போயிடும்.

ரெண்டையும் கலக்கறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. நிக்கான்ல ப்ரொடெக்ட் பண்ணின படத்துக்கு அப்புறம் ஸ்டார் போட முடியாது. ஸ்டார் முதல்ல, சாவி அப்புறம். அடுத்தது, சாவி இருந்தா ‘எல்லாத்தையும் அழி’ன்னு சொன்னாலும் படம் பிழைக்கும், ஆனா ஃபார்மேட் பண்ணினா பிழைக்காது. ஸ்டாருக்கு அந்தப் பாதுகாப்புகூட கிடையாது. அஞ்சு ஸ்டார் போட்ட படமும் டெலீட் ஆல்ல போயிடும்.

ராயப்பேட்டை, ஆல்பம் டிசைன்

படம் எடுக்கறவங்க எல்லாம் பேசியாச்சு, வாங்கி உட்காரும் இடத்திலிருந்து நான் சொல்றேன். ஒரு கல்யாணத்துக்கு மூணு கேமரா வருது. ஒருத்தருக்கு 5 ஸ்டார்னா சூப்பர், இன்னொருத்தருக்கு 5 ஸ்டார்னா ‘பெண் வீட்டுப் பக்கம்’, மூணாமவர் ஸ்டாரே போடலை. ப்ரிட்ஜ்ல (படம் பார்த்துப் பிரிக்கற சாஃப்ட்வேர்) ஃபில்டர் பண்ணினா மூணும் ஒரே குப்பையா விழுது. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு முந்தின நாளே பேசி முடிவு பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க்ல ஒரு டெக்ஸ்ட் பைல்ல ரெண்டு வரி எழுதி வெச்சாலும் போதும். மூணு கேமரா கடிகாரத்தையும் அப்பவே ஒரே நேரத்துக்கு வையுங்க. அஞ்சு நிமிஷம் வித்தியாசம் இருந்தா மாலை மாத்தறதுக்கு முன்னாடி தாலி வந்து நிக்கும்.

ரெண்டாவது, வாட்ஸ்அப். ஸ்டார் போட்ட ஜேபெக்கை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா உள்ள இருக்கற விவரம் (மெட்டாடேட்டா) எல்லாம் உரிஞ்சு போயிடும், ஸ்டாரும் சேர்த்து. டாக்குமென்டா அனுப்பினா அப்படியே வரும். லைட்ரூம்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போதும் மெட்டாடேட்டா இடத்துல ‘காப்பிரைட் ஒன்லி’ இருந்தா ஸ்டார் போகாது. ‘ஆல் மெட்டாடேட்டா’ வைக்கணும். “ஸ்டார் போட்டுத்தான் அனுப்பினேன் அண்ணா”ன்னு வர்ற போன்ல பாதிக்கு மேல இந்த ரெண்டுல ஒண்ணுதான் காரணம்.

வடபழனி, கல்யாண வேலை

ஆல்பம் டிசைன் அண்ணா சொன்னதற்கு மேல், ஸ்டார் காணாமல் போகும் வேறு இரண்டு இடம்.

ஒன்று, இரண்டு கார்டு. இரண்டிலும் ஒரே படம் பேக்கப்பாகப் பதிவானாலும், ஸ்டார் பெரும்பாலும் நாம் திரையில் பார்த்துக்கொண்டிருந்த கார்டில் மட்டும்தான் ஏறும். முதல் கார்டில் ஸ்டார் போட்டுவிட்டு இரண்டாவது கார்டைக் காப்பி செய்தால் ஒன்றும் இருக்காது. ஸ்டார் கார்டு எது என்று கவரில் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்டார் பைலுக்குள்ளேயே எழுதப்படுவதால் இரண்டு கார்டின் பைல்களையும் செக்சம் (பைல் அச்சாக ஒன்றுதானா என்று காட்டும் எண்) போட்டு ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. பைல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

இரண்டு, நேரம். கார்டை லைட்ரூமில் இம்போர்ட் செய்த பிறகு கேமராவில் ஸ்டார் போட்டால் அது உள்ளே வராது. மறுபடி இம்போர்ட் கொடுத்தாலும், ஏற்கெனவே இருக்கும் படம் என்று தவிர்த்துவிடும். ஸ்டார் போட்ட பைலை பழைய பைலின் மேல் எழுதி ‘ரீட் மெட்டாடேட்டா ஃப்ரம் பைல்’ கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எடிட் ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள், செய்த திருத்தம் கலைய வாய்ப்பு உண்டு. ஸ்டார், பிறகு காப்பி, பிறகு இம்போர்ட். இந்த வரிசை மாறக்கூடாது.

இம்போர்ட் முடிந்ததும் இதைச் செய்யுங்கள்: கீழே ஃபில்டரில் ஸ்டார் 1, பக்கத்தில் ‘பெரிது அல்லது சமம்’ குறி. வந்த படங்களை எல்லாம் தேர்ந்து ‘கேமரா தேர்வு’ என்று ஒரு கலெக்‌ஷனில் போடுங்கள். 5 ஸ்டாருக்கு இன்னொரு கலெக்‌ஷன். பிறகு எல்லாப் படத்தையும் தேர்ந்து 0 அமுக்கி ஸ்டாரைத் துடைத்துவிடுங்கள். இனி 1 முதல் 5 வரை எடிட்டிங் தரத்துக்கு முழுசாக மிச்சம், கேமராவில் நினைத்தது கலெக்‌ஷனில் பத்திரம். கேப்ஸ் லாக் போட்டு எண்ணை அமுக்கினால் தானாகவே அடுத்த படத்துக்குப் போகும்.

மயிலாப்பூர், சபா கச்சேரி

மார்கழிக்கு மட்டும் ஒரு வரி. இருட்டில் பின் திரையைத் திறந்தால் மூன்று வரிசை ரசிகர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மிரர்லெஸ்ஸில் திரையை உட்புறமாக மடித்துவிட்டு வ்யூஃபைண்டரிலேயே ப்ளேபேக் பார்த்து கஸ்டம் கீயில் ஸ்டார் போடலாம். சத்தமில்லாத ஷட்டரில் எடுத்திருந்தால் ஸ்டார் போடுவதற்கு முன் பின்னணித் திரைச்சீலைக்கு ஜூம் போய்ப் பாருங்கள்: எல்இடி விளக்கால் வரி வரியாகக் கறுப்புப் பட்டை விழுந்திருக்கும், சின்னப் படத்தில் தெரியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/100 அல்லது 1/50 நொடி ஷட்டரில் எடுத்தால் பட்டை பெரும்பாலும் அடங்கும். டிம்மர் போட்ட மேடை விளக்குகள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. மீதி ஸ்டாரை கேன்டீனில் ரவா தோசைக்குக் காத்திருக்கும்போது போட்டுக்கொள்ளலாம், அங்கே நேரத்துக்குப் பஞ்சமில்லை.

அம்பத்தூர், புதியவர்

லைட்ரூம் இல்லை, டார்க்டேபிள்தான் பயன்படுத்துகிறேன். எல்லாப் படமும் 1 ஸ்டாரோடு வருகிறது. கேமராவில் போட்டது எது என்று தெரியவில்லை. என்ன செய்ய?

பள்ளிக்கரணை பக்கம், பறவைகள்

அது டார்க்டேபிளின் வழக்கம் தம்பி. இம்போர்ட் அமைப்பில் ‘இனிஷியல் ரேட்டிங்’ என்று இருக்கும், அதை 0 ஆக்குங்கள். பக்கத்தில் ‘இக்னோர் எக்ஸிஃப் ரேட்டிங்’ (கேமராவில் போட்ட ஸ்டாரைக் கண்டுகொள்ளாதே) டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

செய்துவிட்டு ஒரு சோதனை: சுவரைப் பார்த்து ஆறு படம், ரா + ஜேபெக். முதல் படத்துக்கு ஸ்டார் வேண்டாம், மற்ற ஐந்துக்கும் வரிசையாக 1 முதல் 5 வரை. கார்டு ரீடரில் காப்பி செய்து திறந்து பாருங்கள். ராவில் வந்ததா, ஜேபெக்கில் வந்ததா, இரண்டிலுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கில் மட்டும் வந்தால் பைல் பெயரை வைத்து ராவைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கேமராவின் ஃபர்ம்வேரோ சாஃப்ட்வேரோ அப்டேட் ஆனால் இந்த ஆறு படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.