புதுப்பிப்பு: பழைய ஆங்கில நாவல்களுக்குச் சொல்வளம்

மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: பழைய ஆங்கில நாவல் படிக்கும்போது பக்கத்துக்குப் பத்துச் சொல் புரிவதில்லை, சொற்பட்டியலை மனப்பாடம் செய்யலாமா என்று. பட்டியல் வேண்டாம், வாக்கியத்தோடு எழுதி வையுங்கள் என்று பலர் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். மிக்க நன்றி.

ஆனால் உண்மையான சிக்கல் தெரியாத சொற்களில் இல்லை, தெரிந்த சொற்களில்தான் இருந்தது. 1813-இல் வந்த ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் முதல் வரியிலேயே ‘வான்ட்’ வருகிறது. அங்கே அதற்கு ஆசை என்று பொருள் இல்லை, இல்லாமை, தேவை என்று பொருள். ‘கான்டிசென்ஷன்’ இன்று, மற்றவரை மட்டமாக நினைத்து நடத்துவதைச் சொல்லும் வசை மாதிரி. அந்தக் கதையில் பாதிரியார் காலின்ஸ் அதையே தன்னை ஆதரிக்கும் சீமாட்டியின் பெருந்தன்மையைப் புகழச் சொல்கிறார். இது தெரியாமல் அந்தக் காட்சியை முழுக்கத் தப்பாகப் படித்திருந்தேன்! ஷேக்ஸ்பியரின் ‘வேர்ஃபோர்’ எங்கே என்று கேட்பதில்லை, ஏன் என்று கேட்கிறது.

அதனால் இப்போது ‘பழகிய சொல், பழைய பொருள்’ என்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் தருவதால், எந்தக் காலத்தில் எப்படிப் புழங்கியது என்று தெரிந்துவிடும்.

குதிரை வண்டிப் பெயர்களுக்கு மெனக்கெடவில்லை. பரூஷுக்கு நான்கு சக்கரம், கரிக்கிளுக்கு இரண்டு, போதும்.

அப்புறம், அத்தியாயத்தை முடிக்காமல் அகராதியைத் தொடுவதில்லை. இப்போது கதை அறுபடாமல் ஓடுகிறது.