ராணுவத்தில் இருந்த மாமாவுக்கு ஃப்ளை ஃபிஷிங் உதவுமா?

கேள்வி (அல்சூர்): மாமா ராணுவத்தில் இருந்தவர், கையில் காயம்பட்ட பிறகு யாருடனும் சரியாகப் பேசுவதில்லை, தூக்கமும் இல்லை. அமெரிக்காவில் 2005இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் தொடங்கிய ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் என்ற அமைப்பு, காயம்பட்ட வீரர்களுக்கு ஃப்ளை ஃபிஷிங், அதாவது இறகும் நூலும் சுற்றிய போலி ஈயைத் தூண்டிலில் கட்டி வீசி மீன் பிடிப்பதைக் கற்றுத் தருகிறது. பெங்களூரிலிருந்து அவரைக் காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரிக்குக் கூட்டிப் போகலாமா?

பதில் 1: ஆற்றைப் பார்க்கப் போங்கள், ஆனால் தூண்டில் வேண்டாம். அது காவிரி வனவிலங்கு சரணாலயம். அங்குள்ள கூன்முதுகு மஹ்சீர் 2018 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன், அதைத் தொந்தரவு செய்யவே கூடாது.

பதில் 2: சார், ஃப்ளை ஃபிஷிங் பழகத் தண்ணீரே தேவையில்லை. தூண்டில் நூலின் எடைதான் அந்தப் போலி ஈயைத் தூக்கிப் போகும், அதனால் மைதானத்தில் முள் இல்லாமல் வீசிப் பழகலாம். அப்புறம் இறகையும் நூலையும் சுற்றி ஈ கட்டும் வேலை, விரல்களுக்கும் நல்லது. கைக்கு எது ஏற்றது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள், தூக்கத்துக்கு மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.