நைட் டூட்டி பழகிடுமா, பழகவே பழகாதா?

பாலக்கோட்டுக்காரி:
தருமபுரியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்கு நைட்டுன்னா ராத்திரி எட்டுலேர்ந்து காலைல எட்டு வரைக்கும். இதுவரை வாராவாரம் மாறிட்டு இருந்த ரோஸ்டரை எடுத்துட்டு, இனிமே ஒரு மாசம் முழுக்க நைட்டுன்னு போடப் போறாங்களாம். "ஒரே வாரத்துல உடம்பு பழகிடும்"ங்கறாங்க மேட்ரன். பழகுமா? உள்ளதைச் சொல்லுங்க.

அரூர் அக்கா:
பழகும்மா. 22 வருஷ சர்வீஸ் எனக்கு. வாராவாரம் மாத்தினாத்தான் உடம்பு கெட்டுப்போகும். தொடர்ந்து நைட்டுன்னா நாலாம் நாளே பசி, தூக்கம் எல்லாம் வழிக்கு வந்துடும். தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்து ஒரே நேரத்துல ஆறு பேரைத் தூக்கிட்டு வந்த ராத்திரியெல்லாம் பார்த்திருக்கேன், கண்ணு சொக்கினதே இல்ல. மனசு வச்சா ஆகாதது இல்ல.

ராத்திரி ரவுண்ட்ஸ்:
அக்கா, லாரி கவுந்த ராத்திரி யாருக்குத்தான் தூக்கம் வரும்? நான் கேக்குறது, ஒரு கேஸும் வராத ராத்திரி நாலு மணியை. உடம்புச் சூடு அடிமட்டத்துக்கு இறங்குற நேரம் அது. கேஸ் ஷீட்டுல இன்சுலின் எத்தனை யூனிட்டுன்னு மூணு தடவை படிச்சும் மண்டையில ஏறாம நின்னிருக்கேன். அதுக்கு மனசு என்ன பண்ணும்? உடம்புக்குள்ள ஜீன்கள் ஓட்டுற கடிகாரம் ஒண்ணு இருக்கு. அது ஓடுற விதத்தைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான் 2017ல மருத்துவ நோபல். வெளிச்சம் பட்டா அது பழையபடி பகலுக்கே திரும்பிடும். டூட்டி முடிச்சு காலை வெயில்ல பஸ் ஸ்டாண்டுக்கு நடக்குறோமே, அங்கேயே கெட்டுச்சு. மாசம் பூரா நைட் பார்த்தாலும் பெரும்பாலானவங்களுக்கு முழுசா மாறாது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவு ஷிஃப்டால அநேகமா புற்றுநோய் வரலாம்னு 2007ல சொல்லி, 2019ல மறுபடியும் அதையே சொல்லிடுச்சு.

அரூர் அக்கா:
அதே பட்டியல்ல ஆட்டுக்கறியும் இருக்கு தம்பி. ஞாயித்துக்கிழமை விட்டுடுவியா?

ராத்திரி ரவுண்ட்ஸ்:
கறி வாரத்துக்கு ஒருநாள்தான்க்கா. நைட்டு மாசம் முழுக்க.

பென்னாகரம் மாப்பிள்ளை:
நான் நர்ஸ் இல்ல, நர்ஸைக் கட்டினவன். ரெண்டு பேரும் வார்டையே பேசுறீங்க. எங்க வீட்டுல சண்டையெல்லாம் பகல்லதான். அவ ஒன்பது மணிக்கு வந்து படுப்பா. பத்துக்கு கேஸ் சிலிண்டர், பதினொண்ணுக்கு எங்க அத்தை "பட்டப்பகல்ல என்ன தூக்கம்"னு கதவைத் தட்டும். ஆடி மாசம் ஆனா ரேடியோ செட்டு வேற. மொத்தமாத் தூங்குறது நாலு மணி நேரம் இருந்தா அதிகம். போன வருஷம் டூட்டி முடிச்சு வர்றப்ப ஸ்கூட்டியோட வேலியில போய் விழுந்தா. ஒரு நிமிஷம் கண் அசந்துட்டாளாம். அதுலேர்ந்து நானே போய்க் கூட்டிட்டு வர்றேன், ஜன்னலுக்கும் கறுப்புத் துணி கட்டியாச்சு.

பாலக்கோட்டுக்காரி:
எனக்கு ரெண்டு வயசுப் பையன் இருக்கான். பகல்ல என் மேலயே ஏறிப் படுத்துக்கறான். அரூர் அக்கா, உங்க புள்ளைங்களை யார் பார்த்துக்கிட்டாங்க?

அரூர் அக்கா:
எங்க மாமியார். நான் படுத்தா வாசல்ல உக்காந்துப்பாங்க. காக்கா கத்தினாக்கூட விரட்டுவாங்க. எழுந்ததும் களியும் கீரையும் தயாரா இருக்கும். அவங்க போய் ஆறு வருஷம் ஆச்சு. நீ கேட்டப்புறம் யோசிச்சா, அதுக்கு அப்புறம் எனக்கும் நைட் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனாலும் வாராவாரம் மாத்துறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ராத்திரி ரவுண்ட்ஸ்:
நானும் வாராவாரம் கேக்கலைக்கா. ரெண்டு மூணு நைட், அப்புறம் ஆஃப். மாத்துறதும் காலை, மதியம், நைட்டுங்கற வரிசையில போகணும். நம்ம கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவா ஓடுறதால, தூக்கத்தைத் தள்ளிப்போடுறது சுலபம், முன்னாடி இழுக்குறதுதான் கஷ்டம். அதோட ராத்திரி மூணு மணி வாக்குல ஆள் மாத்தி ஆள் இருபது நிமிஷம் படுக்க விடணும்.

அரூர் அக்கா:
முப்பது பெட்டுக்கு ஒரே ஸ்டாஃபைப் போட்டுட்டு ஆள் மாத்தி ஆளா? யாரோட மாத்துறது, டிரிப்ஸ் ஸ்டாண்டோடயா?

பாலக்கோட்டுக்காரி:
எங்க வார்டுலயும் ஒரே ஆள்தான். நாளைக்கு மேட்ரன்கிட்ட ரோஸ்டரைப் பத்திப் பேசப் போறதில்ல. நைட்டுக்கு இன்னொரு ஆள் போடச் சொல்லித்தான் கேக்கப் போறேன்.