டெல்டா ரிசார்ட்டுகளில் டிராவல் டெஸ்க் சொதப்புவது எங்கே? – பல ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

கும்பகோணம், ஹோட்டல் வரவேற்பு வேலை தெரிந்தவர்

ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், வாசலில் கோலம், மாட்டு வண்டி என்று பழைய அக்ரஹாரத்தையே தீமாக வைத்துக் கட்டிய ரிசார்ட்டுகள் நம் பக்கம் பெருகிவிட்டன. அறையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. சொதப்பல் முக்கால்வாசி டிராவல் டெஸ்க்கில்தான். வண்டி, கோயில் சுற்று எல்லாம் ஏற்பாடு செய்து தர வேண்டிய மேஜை அது, விளம்பரத்தில் அதற்குக் கான்சியர்ஜ் என்று பெயர். வெளிநாட்டுப் பெரிய ஹோட்டல்களில் கோட்டுக் காலரில் குறுக்குச் சாவி பேட்ஜ் குத்திய ஆள் அந்த ஒரு வேலையை மட்டுமே பார்ப்பார். இங்கே சாவி கொடுப்பவர், பில் போடுபவர், கான்சியர்ஜ் எல்லாம் ஒரே ஆள். அவர் கையில் இருப்பது ஒரு வண்டி ஓனரின் போன் நம்பர். பணிவாகப் பேசுவார், ஆனால் ஆலங்குடி நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டால் கூகுளைத்தான் பார்ப்பார்.

சாயங்காலம் சொல்லிவைத்த வண்டி விடிகாலை வராமல் போவதற்கு வழக்கமான காரணம் ஷிப்ட். காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிப்ட். நீங்கள் ஏழு மணிக்குச் சொல்வது மதிய ஷிப்ட் ஆளிடம். வண்டி வர வேண்டிய ஐந்து மணி, இரவு ஷிப்ட் ஆளின் நேரம். நடுவில் இருப்பது லாக் புக் ஒன்றுதான். அதில் ஏறாத வார்த்தை காற்றோடு போச்சு. அதனால் இரவு ஷிப்ட் மாறிய பிறகு, பதினொன்று வாக்கில் இன்டர்காமில் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: வண்டி நம்பர், டிரைவர் பெயர், டிரைவர் செல் நம்பர். "காலையில் தருகிறோம் சார்" என்று பதில் வந்தால் வண்டி இன்னும் உறுதியாகவில்லை என்று அர்த்தம். அப்போதே வெளியில் வேறு வண்டி பேசிவிடலாம், கும்பகோணத்தில் அந்த நேரத்திலும் ஆள் கிடைக்கும்.

அடுத்த தலைவலி எர்லி செக்-இன். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் விடியுமுன்பே கும்பகோணத்தில் இறங்கிவிடுவார்கள். செக்-இன் மதியம் இரண்டு மணி. புக்கிங்கில் "எர்லி செக்-இன் வேண்டும்" என்று எழுதினால் அது வேண்டுகோள்தான், உத்தரவாதம் இல்லை. முந்தின நாள் ஆள் பதினொரு மணிக்குக் காலி செய்து, அதன் பிறகு ஹவுஸ்கீப்பிங் முடித்துத்தான் அறை கைக்கு வரும். முதல் நாள் மாலை போன் செய்து "நாளைக் காலை காலி அறை இருக்கிறதா" என்று நேரடியாகக் கேட்டால், இருக்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும். இல்லையென்றால் அரை நாள் வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். அதுவும் வேண்டாமென்றால், குளித்து உடை மாற்ற மட்டும் ஓர் அறை தரச் சொல்லுங்கள். "வாஷ் அண்ட் சேஞ்ச்" என்றால் புரியும். பல இடங்களில் இலவசமாகவே தருவார்கள், கேட்காதவர்களுக்குத் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

தஞ்சாவூர், வாடகை வண்டித் தொழில்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வண்டிக் கணக்கை நான் சொல்றேன், ஏன்னா சண்டை வர்றது அங்கதான்.

டெஸ்க்ல "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்"னு ஒரு ரேட் சொல்லுவாங்க. உள்ளூர் சுத்த அது சரி. தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், திருபுவனம் இதுக்குள்ள அடங்கிடும். அதே ரேட்டைக் கேட்டுக்கிட்டு நவக்கிரகம் ஒன்பதும் கிளம்பினா, கும்பகோணத்துல எடுத்து திரும்பி வர சுமாரா 250-லேருந்து 280 கிலோமீட்டர் ஆயிடும், நேரமும் பதினாலு மணியைத் தொடும். மிச்சம் அத்தனைக்கும் எக்ஸ்ட்ரா கிலோமீட்டர், எக்ஸ்ட்ரா மணி ரெண்டும் போடுவாங்க. அதுக்கு வெளியூர் ரேட், அதாவது ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் மினிமம்ங்கிற கணக்குல பேசினா கம்மியா வரும். ரெண்டு ரேட்டையும் எழுதி வாங்கிக் கூட்டிப் பாருங்க.

கேட்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. கிலோமீட்டர் எங்கேருந்து ஓடுது? ரிசார்ட் வாசல்லேருந்தா, ஷெட்லேருந்தா? தஞ்சாவூர் ஷெட் வண்டியைக் கும்பகோணம் ரிசார்ட்டுக்கு அனுப்பினா போக வர எண்பது உங்க தலையில விழும். டிரைவர் பேட்டா உள்ளேயா வெளியேயா? ராத்திரி பேட்டா எத்தனை மணிக்கு மேல? திருநள்ளாறு காரைக்கால்ல இருக்கு, அது புதுச்சேரி. பெர்மிட் செலவு யாரோடது? டோல், பார்க்கிங்? இத்தனையையும் வாட்ஸ்அப்ல டெஸ்க் நம்பருக்கு அனுப்பி "சரி"ன்னு ஒரு பதில் வாங்கிட்டா, காலி பண்றப்ப கவுன்டர்ல வாக்குவாதம் இருக்காது.

ரிசார்ட் மூலமா போட்டா டிரைவருக்குப் போற தொகை குறைச்சல், நடுவுல கமிஷன் இருக்கும். அந்தக் குறைச்சலை அவர் எப்படி ஈடு கட்டுவார்னா, பட்டுக் கடை, விக்ரகக் கடைன்னு ரெண்டு இடத்துல வண்டியை ஓரங்கட்டுவார். அதைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கிளம்பும்போதே "கடை வேண்டாம்"னு சொல்லி பேட்டாவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தா முடிஞ்சுது.

இப்ப வரிசை. டெஸ்க்ல ஒட்டி வச்சிருக்கற தாள்ல ஞாயிறு, திங்கள்னு கிழமை வரிசைப்படி கோயில் பேர் இருக்கும். அதே வரிசையில வண்டி ஓட்டினா போச்சு! திங்களூர் திருவையாறு பக்கம், மேற்கே தனியாக் கிடக்கு. மத்ததெல்லாம் கிழக்கயும் தெற்கயும். அதனால இருட்டோட கிளம்பி திங்களூரை முதல்ல முடிச்சிடணும். அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். பன்னெண்டு, பன்னெண்டரைக்கு நடை சாத்தினா திரும்ப நாலு மணிக்குத்தான். காலையில ஒரு கோயில்ல அரை மணி கூடுதலாப் போனாலே மதியம் நாலு மணி நேரம் வெளியே உட்காரணும். நடுவுல ரயில்வே கேட் போட்டா அது தனி. மத்தியானத்துக்கு மேல வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியா திருநள்ளாறு. அரசு போக்குவரத்துக் கழகம் 2024-ல கும்பகோணத்துலேருந்து விட்ட நவக்கிரகச் சிறப்புப் பேருந்தும் திங்களூர்ல ஆரம்பிச்சு திருநள்ளாறுல முடிக்கிற மாதிரிதான் வச்சாங்க.

வயசானவங்க இருந்தா ஒரே நாள்ல ஒன்பது வேண்டாம். முதல் நாள் கும்பகோணத்தைச் சுத்தி அஞ்சு, மறுநாள் கிழக்கே நாலு, வழியில திருக்கடையூர். டெஸ்க் இப்படிப் பிரிச்சுச் சொல்லாது. அவங்களுக்கு ஒரு நாள் பேக்கேஜ்தான் அச்சுல இருக்கு.

திருநாகேஸ்வரம் பக்கம்

வரிசையில் ஒரு திருத்தம். திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்துப் பாலாபிஷேகம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வரிசை ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6. காலை ஒன்பது மணிக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் தரிசனம் உண்டு, அபிஷேகம் இல்லை. வெள்ளி என்றால் 10.30 முதல் 12, சனி 9 முதல் 10.30. அபிஷேகம் முக்கியம் என்றால் அதை நடுவில் ஆணி அடித்துவிட்டு மற்றதைச் சுற்றி அமைக்க வேண்டும். சனிக்கிழமை திருநள்ளாறு, வியாழக்கிழமை ஆலங்குடி இரண்டையும் முடிந்தவரை தவிர்க்கலாம். அந்தந்தக் கிழமைக்கே போக வேண்டும் என்று வேண்டுதல் இருந்தால் வேறு விஷயம்.

திருநள்ளாறில் நளதீர்த்தத்தில் குளிப்பதாக இருந்தால் நல்லெண்ணெய், மாற்றுத் துணி, ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை கையோடு போக வேண்டும். ரிசார்ட் துண்டை எடுத்துப்போய்க் குளத்தங்கரையில் விட்டுவிட்டால் பில்லில் ஏறும்.

திருவையாறு

ரிசார்ட்டில் காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான். ஐந்துக்குக் கிளம்புகிறவர் கட்டிய பணத்தில் அந்தச் சாப்பாடும் சேர்த்திதான். முதல் நாள் இரவு எட்டுக்குள் கிச்சனுக்குச் சொன்னால் கட்டித் தருவார்கள். ஆனால் "பேக்டு பிரேக்ஃபாஸ்ட்" என்று மட்டும் சொன்னால் ஜாம் தடவிய பிரெட், ஒரு ஆப்பிள், டப்பா ஜூஸ் வரும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வேண்டும், சட்னி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்னி பத்து மணிக்கு மேல் தாங்காது.

மயிலாடுதுறை, அறுபதாம் கல்யாண ஏற்பாடுகள் தெரிந்தவர்

திருக்கடையூருக்காக ரிசார்ட் எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். வண்டி தாமதமானால் சாயங்காலம் சரிக்கட்டலாம். நாள் தப்பினால் முப்பது நாற்பது உறவுக்காரர்களை மறுபடியும் கூட்ட முடியாது.

டெஸ்க் மூலம் அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தி ஏற்பாடு செய்யச் சொன்னால் ஆதாரில் உள்ள பிறந்த தேதியைக் குறித்துக்கொண்டு அந்தத் தேதிக்கே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். சாந்திக்கு நாள் பார்ப்பது தமிழ் மாதம், ஜென்ம நட்சத்திரம் வைத்து. ஆங்கிலத் தேதியோடு அது பல நாள் தள்ளி நிற்கும். போதாததற்கு அந்தக் காலத்து ஆட்களுக்கு ஆதார் தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி. ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் எதை எடுப்பது என்பதை உங்கள் வீட்டுப் புரோகித வாத்தியாரைக் கேட்டு முடிவு செய்துகொண்டு, தேதியோடு போய் ரிசார்ட்டில் அறை போடுங்கள். அறை போட்டுவிட்டு நாள் பார்க்கக் கூடாது.

எந்தச் சாந்தி என்பதிலும் குழப்பம் உண்டு. 59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி. 60 முடிந்து 61 தொடங்கும்போது சஷ்டியப்த பூர்த்தி. 70-இல் பீமரத சாந்தி, 80-இல் சதாபிஷேகம். டெஸ்க்கில் எல்லாவற்றுக்கும் "சிக்ஸ்டியத் மேரேஜ் பேக்கேஜ்" என்று ஒரே பெயர். பேக்கேஜில் கலசம் எத்தனை, ஹோமம் எவை, வாத்தியார் எத்தனை பேர், மாலை, பூர்ணாஹுதிப் பட்டு, நாதஸ்வரம், சாப்பாட்டு இலை எத்தனை என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். கலசம் 16, 32, 64 என்று போகப் போகச் செலவு ஏறும். கோயிலில் ரசீது போட்டுக் கட்டும் தொகையையும், ஏற்பாட்டாளர் வாங்கும் தொகையையும் ஒரே எண்ணாகச் சொன்னால் பிரித்துச் சொல்லக் கேளுங்கள். கோயில் ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

சுவாமிமலை

கடை பற்றித் தஞ்சாவூர் அண்ணன் சொன்னதோடு சேர்த்துச் சில வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ரிசார்ட் காட்டிய கடையில் ஐம்பொன் விக்ரகம் வாங்கிவிட்டு விமான நிலையத்தில் முழிப்பதைத் தவிர்க்க: புதிய வார்ப்புதான் என்று பட்டறைப் பெயர் போட்ட பில்லும், தொல்லியல் துறை தரும் தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றிதழும் வேண்டும். 1972 சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம் நாட்டை விட்டு வெளியே போக முடியாது, பார்ப்பதற்குப் பழையது போல நிறமேற்றிய பொம்மை என்றால் சோதனையில் நிறுத்துவார்கள். சான்றிதழுக்கு நாள் ஆகும், ஊருக்குக் கிளம்பும் நாளில் வாங்கினால் நடக்காது. கடையே வாங்கி அனுப்புமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

மதியம் நடை சாத்திய நேரத்தில் "எல்லாம் மூடியிருக்கும், அறையில் ஓய்வெடுங்கள்" என்று டெஸ்க் சொல்வதும் முழு உண்மையில்லை. இங்கே பட்டறைகளில் மெழுகில் உருவம் பிடிப்பதையும், அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசி அச்சுக் கட்டுவதையும் அந்த நேரத்தில் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் சன்னிதிதான் சாத்துவார்கள், பிராகாரம் திறந்தே இருக்கும். வெயில் காலத்தில் கல் தரை சுடும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே கைடு வேண்டுமென்றால் அரசு அடையாள அட்டை உள்ளவரா என்று பாருங்கள். டிரைவரையே கைடாக அனுப்பினால் கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லிக்கொண்டு வருவார். விழும், சாயங்காலம் நின்று பார்த்தாலே தெரியும்.

திருவாரூர், நுகர்வோர் விவகாரங்கள் தெரிந்தவர்

விளம்பரத்தில் இலவசம் என்று போட்ட மாட்டு வண்டி சவாரி, பானை வனைதல், மாலைக் கச்சேரி இவை பற்றி யாரும் சொல்லவில்லை. குறைந்தபட்ச ஆள் சேர்ந்தால்தான் நடத்துவோம் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். புக் செய்யும் அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பக்கம் மாறிவிடும்.

பில் வந்ததும் பார்க்க வேண்டியவை: செப்டம்பர் 22, 2025 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது, 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். வண்டி வாடகை அறை பில்லிலேயே ஏறியிருந்தால் விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்குச் சாதகம். வண்டிக்காரர் மேல் பழி போட்டு ரிசார்ட் நழுவ முடியாது, சேவையை விற்றது அவர்கள். டிரைவர் கையில் நேராகப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பிடி போய்விடும்.

வரவேற்பில் சத்தம் போடுவதை விட, காலி செய்யுமுன் டியூட்டி மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, யாரிடம் சொன்னது, என்ன நடந்தது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும். தொகையைக் குறிப்பிடாத புகாருக்கு மன்னிப்புக் கடிதமும் பழக்கூடையும்தான் வரும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நீங்கள் குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே போடலாம், அதற்காகக் கும்பகோணத்துக்கு அலைய வேண்டியதில்லை.