எஞ்சின் அடங்கிய பிறகு: தொட்டபள்ளாபூர் ராகிக் காட்டில் இறங்கிய அனுபவம்

எஞ்சின் நின்றால் விமானம் பொத்தென்று விழுந்துவிடும் என்று எங்கள் அம்மா இன்றைக்கும் நம்புகிறார். இங்கேயும் சிலர் அப்படிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

பெங்களூரு ஜக்கூரில் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த காலம். மார்கழிக் காலை, பனிமூட்டம் விலகிய கையோடு கிளம்பினோம். பழைய செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் குட்டி விமானம், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் பாகம்) வைத்த எஞ்சின். பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர், நாமக்கல்காரர். தொட்டபள்ளாபூர் பக்கம் போனபோது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மெல்ல இறங்கியது. வேகம் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் ஏறவில்லை. எஞ்சின் குலுங்கி, இருமி, அடங்கிவிட்டது. ப்ரொப்பெல்லர் மட்டும் காற்றுக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"விடு தம்பி, ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றவர், விமானத்தின் மூக்கைச் சரிசெய்து வேகத்தை 65 நாட்ஸில் (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்) பிடித்தார். அந்த வேகத்தில் 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சறுக்கலாம். உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 5,000 அடி காட்டியது. ஆனால் அது கடல்மட்டக் கணக்கு, பெங்களூருத் தரையே 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. கையில் இருந்தது 2,000 அடிதான். மூன்று நிமிஷம்கூட முழுசாகக் கிடையாது.

எரிபொருள் வால்வு, மிக்ஸ்ச்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை), மேக்னட்டோ (ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் தருவது) எல்லாம் பார்த்தேன். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை இழுத்ததும் ஒருமுறை உறுமியது, அவ்வளவுதான். அவர் ரேடியோவில் மூன்று முறை 'மேடே' என்று ஆபத்து அழைப்பு சொல்லிவிட்டு, ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700 வைக்கச் சொன்னார்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது பளிச்சென்று ஒரு பச்சைத் தோட்டம். காட்டினேன். "அது திராட்சை. உள்ளே பூரா கல்தூண்." அடுத்தது யூகலிப்டஸ் தோப்பு. நேரான ரோடு ஒன்றும் இருந்தது, அதையும் வேண்டாமென்றார். "மேலேயிருந்து கரண்ட் கம்பி தெரியாது, கம்பத்தைத் தேடு." தேடினேன், ரோட்டோரம் வரிசையாக நின்றன. கடைசியில் அறுவடை முடிந்த ராகிக் காடு ஒன்று, காற்றுக்கு எதிராக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பான ஃப்ளாப்பை இறக்கியதும், மொத்தக் கரண்டுக்குமான மாஸ்டர் ஸ்விட்ச்சை அணைத்தோம். கதவுச் சட்டம் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே திறந்து வைத்தேன். சால் ஓட்டத்தோடு இறக்கினார். ராகித் தாள் வயிற்றில் சடசடவென்று அடித்தது. வரப்பு இடித்து முன்சக்கரம் மடங்கியதோடு நின்றது. ஒரு கீறலும் இல்லாமல் இறங்கினோம்.

வயல்காரர் ஓடிவந்து கன்னடத்தில் என்னவோ கேட்டார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, "பெட்ரோல் தீந்துபோச்சா சாமி?" என்றார்.

விமானப் பராமரிப்பில் இருக்கும் ஒரு அண்ணன் இதற்கு எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது கார்புரேட்டர் ஐஸ் மாதிரித்தான் இருக்கிறது. வெளியே 20 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் ஐஸ் கட்டும். கார்ப் ஹீட்டுக்குச் சூடு வருவது புகைக்குழாயிலிருந்து. எஞ்சின் அடங்கிவிட்டால் அந்தச் சூடும் போச்சு, அதனால்தான் ஒரு உறுமலோடு நின்றிருக்கும். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் ஐஸ் உருகிவிடும் என்பதால் நிரூபிப்பதும் கஷ்டம். டேங்கில் தண்ணீர் இருந்ததா என்றும் பார்த்திருப்பார்கள். நீல நிற அவ்காஸுக்கு (விமானப் பெட்ரோல்) அடியில் அது நிறமில்லாமல் தனியாக நிற்கும்.

வயலில் இறங்கிப் பிழைப்பது புதிதல்ல. 2016 மே 24 அன்று பாட்னாவிலிருந்து நோயாளியோடு வந்த ஏர் ஆம்புலன்ஸ் டெல்லி நஜஃப்கர் பக்கம் வயலில்தான் இறங்கியது. ஏழு பேரும் பிழைத்தார்கள். அது இருக்கட்டும், செஸ்னாவை எப்படி வெளியே எடுத்தீர்கள்?

அதற்கு என் பதில்:

இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றினார்கள் அண்ணா. டிரெய்லர் உள்ளே வர இன்னொரு வரப்பையும் வெட்ட வேண்டியதாயிற்று. வயல்காரர் காசு கேட்கவில்லை, இரண்டு வரப்பையும் திருப்பிக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.